டிக்கெட்டில் இருப்பது எந்த ஊர் நேரம்?

பெரம்பலூர், அரியலூர்க்காரங்க நமக்குப் பக்கத்து விமான நிலையம் திருச்சிதான். சாலை வழியே பெரம்பலூரிலிருந்து சுமார் 60 கி.மீ., அரியலூரிலிருந்து சுமார் 70 கி.மீ.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ.; துபாயும் ஏறக்குறைய அதே தூரம். நேரடி விமானத்தில் இரண்டுக்குமே ஏறத்தாழ 4 மணி நேரம். ஆனா டிக்கெட்டைப் பார்த்தா சிங்கப்பூருக்கு ஆறரை மணி நேரம், துபாய்க்கு இரண்டரை மணி நேரம் மாதிரி தெரியும். காரணம், புறப்படும் நேரம் நம்ம ஊர்க் கணக்கு. இறங்கும் நேரம் அந்த ஊர்க் கணக்கு. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுது; துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால்.

இன்னொரு விஷயம். டிக்கெட்டில் 15-ம் தேதி 01:00 என்றிருந்தால், அது 14-ம் தேதி ராத்திரி நடுநிசி தாண்டி ஒரு மணி. மூன்று மணி நேரம் முன்பே, அதாவது 14-ம் தேதி ராத்திரி 10 மணிக்கே, விமான நிலையத்தில் இருக்கணும். எங்க சித்தப்பா 15-ம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றார். விமானம் முந்தின ராத்திரியே போயிருந்தது. டிக்கெட் பணமும் போச்சு, வேலைக்குச் சேரும் நாளும் தள்ளிப்போச்சு.

அதனால டிக்கெட் கைக்கு வந்ததும் கைபேசியில் அலாரம் வைங்க. விமானம் புறப்படும் நேரத்துக்கு இல்லை, வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்துக்கு.