கட்டும் தெரிய வேண்டும், மரமும் தெரிய வேண்டும்

வேப்பம்பட்டில் கடல் இல்லை; புகைவண்டித் தடமும் வீட்டுமனைகளுமே உண்டு. "கடல் காணா ஊரில் கலம் கட்டும் பேச்சு எதற்கு?" எனச் சிலர் நகைக்கலாம். ஆயினும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரிக்கு அப்பால், பழவேற்காட்டு ஏரி விரிந்து கிடக்கின்றது. தம் கையாலேயே ஒரு சிறு படகு கட்டிப் பார்க்க விழையும் இளைஞர் எவ்வூரிலும் உளர். அவர்கள் மேனாட்டு ஒட்டுப்பலகைப் படகின் வரைபடங்களைத் தேடுகின்றனர். தம் கரையின் கட்டுமரத்தை ஏறெடுத்தும் பாரார்.

உலகமோ பார்த்தது. தாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியிட்ட பயணநூலிலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இடம்பெற்றுவிட்டது. 1876இல் அமெரிக்கர் எர்ரசாபு ஈருடல் பாய்ப்படகு ஒன்றைக் கட்டி விரைவில் வென்றார். அவ்வகைப் படகையே இன்று 'கேட்டமரான்' என்கின்றனர். மரமும் இல்லை, கட்டும் இல்லை. பெயர் மட்டும் கட்டுமரம்! பெயரை ஈந்த கரையிலோ, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகளே நிரம்பின. மீனவரைக் குறை கூறல் தகாது. அவர்தம் வயிற்றுப்பாடு அது. ஆனால் கட்டும் கலையையும் அதனோடு சேர்த்துக் கைவிட வேண்டுமா?

முதன்முதல் கட்டுவோர்க்கு வேண்டிய திறம் ஆணி அடிப்பதன்று, மரம் அறிதல். மலைவேம்பு, இலவு போலும் எடை குறைந்த மரமே ஏற்றது. நன்கு உலர்ந்த மரம் நீரின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு எனக் கொள்க. 500 லிட்டர் பருமனுள்ள கட்டைகள் 200 கிலோ நிறுக்கும். முழுதும் அமிழுமுன் இன்னும் 300 கிலோ தாங்கும். அதே மரம் நீர் உண்டு 300 கிலோ ஆகிவிடின், தாங்குவது 200 கிலோவே. இதனாலன்றோ பரதவர் கரையேறியதும் கட்டவிழ்த்து மரங்களைக் காயவிட்டனர்! இதைப் படிப்பறியார் தொழில் என்று ஒதுக்கியவர் படித்தவரே.

அடுத்தது வாய்ச்சி பிடிக்கும் கை. மிகுதியாகச் செதுக்கிய மரம் மீண்டும் வளராது. ஆதலின் சிறிது செதுக்கி, பொருத்திப் பார்த்து, மீண்டும் செதுக்குக. நடுமரம் சற்றுத் தாழ்ந்தும் ஓரமரங்கள் உயர்ந்தும் அமைதல் வேண்டும். முன்முனைகள் கூராகி மேல்நோக்க வேண்டும். பலகைப் படகில் ஓர் இடுக்கு விட்டாலும் நீர் புகும். கட்டுமரத்திலோ அலை ஏறினால் இடுக்கு வழியே வடிந்துவிடும். அடைப்பு வேலையே இல்லை. புதியவர்க்கு இதனினும் எளிய கலம் ஏது?

ஆனால் எல்லாம் கயிற்றில் இருக்கின்றது. கரையில் இறுகிய கட்டு, நீரில் மரங்கள் உரசிய பின்னும் இறுகியிருக்கின்றதா என்பதே தேர்வு. ஏட்டைப் பார்த்து இதனைக் கற்றல் அரிது. பட்டறிவுடைய முதிய மீனவர் அருகில் அமர்ந்து, அவர் கை போகும் போக்கைப் பார்த்தல் வேண்டும். குறிப்பேடும் உடனிருக்கட்டும். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம் என்றாற்போல அவர் வாயில் வரும் சொற்களை வந்தவாறே எழுதுக. புலவர்கள் அங்கே திருத்தப் புகாதிருப்பாராக!

முதல் மிதப்பு, காற்றடங்கிய காலையில், இடுப்பளவு நீரில், நீந்தத் தெரிந்தோர் இருவர் உடனிருக்க நிகழட்டும். மறுநாள் கட்டவிழ்த்து, மரங்களை வெயிலில் பரப்புக.