தும்மலுக்கு மாத்திரையா, மூக்கு மருந்தா?

காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல், பிறகு நாளெல்லாம் மூக்கடைப்பு. மலேசியா, சிங்கப்பூர் வீடுகளில் இதற்குப் பெரும்பாலும் காரணம் மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிதான். பலர் சளி என்றே நினைத்து வருடக்கணக்கில் தைலம் தடவுகிறார்கள்.

தும்மலையும் அரிப்பையும் தூண்டுவது ஹிஸ்டமின். மூக்கை வீங்கவைத்து அடைப்பதில் லியூகோடிரைன் என்ற இன்னொரு பொருளுக்கும் பங்குண்டு. 1979இல் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டிய சுவீடன் விஞ்ஞானி பெங்க்ட் சாமுவேல்சன், 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். லியூகோடிரைனின் வேலையைத் தடுப்பதுதான் மோண்டெலுகாஸ்ட் மாத்திரை. ஆஸ்துமாவுக்காக 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிறகு மூக்கு ஒவ்வாமைக்கும் வந்தது. இரவில் ஒன்று போதும், குழந்தைகளுக்கு மென்று தின்னும் வகையும் உண்டு. பெற்றோருக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

ஆனால் 2020 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்மருந்துக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்கூட வரலாம். எல்லாருக்கும் வருவதல்ல. என்றாலும் வெறும் மூக்கு ஒவ்வாமைக்கு, மற்ற மருந்துகள் பலிக்காதபோதுதான் இதை நாட வேண்டும் என்பது அதன் அறிவுரை. பிள்ளை திடீரென்று இரவில் அலறி எழுந்தால், பேயோ கண்ணேறோ என்று தேடுமுன் மருந்துப் பையைப் பாருங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு, உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்காகச் சாப்பிட்டு நலமாக இருப்பவர்கள் பயத்தினால் மட்டும் தாமாக நிறுத்தக்கூடாது.

அப்படியானால் முதலில் எது? தொடர்ந்து தொல்லை தரும் அடைப்புக்கு, மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்துதான் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கிறது. ஸ்டீராய்டு என்ற சொல்லே பலரை மிரட்டுகிறது. ஆனால் தெளிப்பது சிறிதளவு, உடம்பில் கலப்பது அதைவிடக் குறைவு. சிலருக்கு மூக்கு வறண்டு இரத்தம் கசியலாம்.

இரண்டு நாள் தெளித்துவிட்டு "கேட்கவில்லை" என்று தூக்கிப்போடுவதுதான் பெரிய கோளாறு. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடது மூக்கிலும் இடக்கையால் வலது மூக்கிலும், நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கம் சாய்த்துத் தெளிக்க வேண்டும். பிறகு மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். மருந்து தொண்டையில் கசந்தால், இழுத்த வேகம் அதிகம்.