நூற்கும் கையும் தாலாட்டும் கையும்



உடலை மூடும் ஆடைக்கு அடிப்படையான இழைக்கும், அறிவை வளர்க்கும் ஏட்டுக்கும் தமிழ் ஒரே பெயரைச் சூட்டியிருக்கிறது. இரண்டும் நூல். பனுவல் என்னும் சொல்லும் அவ்வாறே இரு பொருளையும் தாங்கி நிற்கிறது. இந்த ஒப்புமையை அழகுற விரித்துரைத்தவர், 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய சமண முனிவர் பவணந்தியார். அந்நூலின் பாயிரத்தில் ஏட்டை இழையோடு ஒப்பிடுகையில், சொல்லைப் பஞ்சு என்றும், செய்யுளை இழை என்றும், வாயைக் கை என்றும், மதியைக் கதிர் என்றும் அவர் உருவகிக்கிறார். இவற்றைக் கொண்டு நூல் செய்யும் புலவனுக்கு அவர் தேர்ந்த உவமை, அமர்ந்து நூற்கும் ஒரு பெண். இல்லறம் துறந்த முனிவர் ஒருவர், இல்லத்தில் இருந்து நூற்பவளுக்குப் புலவனின் இருக்கையை அளித்திருக்கிறார். இப்பெருமையைத் தமிழ்ப் பெண்கள் பலர் அறியாமலே இருக்கின்றனர்.

மதியே கதிர் என்ற இடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். கதிர் என்பது சுழன்று இழைக்கு முறுக்கேற்றும் இரும்புக் கம்பி. அது சிறிது கோணினாலும் இழை சீராக வராது. மீண்டும் மீண்டும் அறும். மனமும் அத்தகையது. அயர்ந்த மனத்தோடு செய்யும் தொழில் இடையிடையே அறுந்துகொண்டே இருக்கும். இதனைக் கைக்குழந்தையோடு வாழும் இளந்தாயைவிட நன்கு அறிந்தவர் எவருமிலர்.

அத்தகைய தாய் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். ஆதாரக் கல்வி நடைமுறையில் இருந்த நாளில் பள்ளியில் தக்கிளி சுழற்றக் கற்ற பாட்டி, அக்கலையைத் தம் பேத்திக்குக் கற்பித்தார். பேத்தி நூற்பதோடு நில்லாமல், இரண்டு ஊசிகளைக் கொண்டு கம்பளி நூலில் குல்லாயும் மேற்சட்டையும் பின்னவும் பழகினாள். பின்னர்த் திருமணம், பின்னர் மக்கள் இருவர். மூத்தவனைப் பள்ளிக்கு அனுப்பும் பரபரப்பில் காலை கழிகிறது. இளையவளுக்குப் பாலூட்டுவதிலும், துணி அலசுவதிலும், உலை வைப்பதிலும் பகல் தேய்கிறது. இரவில் மும்முறை விழிப்பு. பஞ்சுப் பட்டைகளும் தக்கிளியும், பாதி பின்னிய சட்டையும் ஒரு துணிப்பையில் அலமாரியின் மேல்தட்டில் கிடக்கின்றன.

ஒருநாள் பிற்பகல், குழந்தை உறங்கும் நேரத்தில் அவள் அந்தப் பையை இறக்குகிறாள். அதைக் கண்ட மாமியார் பரிவோடு கேட்கிறார்: “கடையில் விலைக்குக் கிடைக்கும் பொருளுக்கு இத்துணைப் பாடு எதற்கம்மா? இந்த நேரத்தில் சற்றுக் கண்ணயரக் கூடாதா?” அவளால் மறுமொழி கூற இயலவில்லை. அவர் சொன்னதில் பிழையில்லை. உறக்கம் வேண்டும் என்பதும் உண்மை. ஆயினும் அந்தப் பையை மீண்டும் மேல்தட்டில் வைக்கும்போது அவள் கண்கள் கலங்குகின்றன. மகன் அழைத்தால் அம்மா, கணவன் அழைத்தால் மனைவி, அத்தை அழைத்தால் மருமகள். எவரும் அழைக்காத நேரத்தில் அவள் யார் என்பதற்கு எஞ்சியிருந்த அடையாளம் அந்தப் பைக்குள்தான் இருந்தது.

பழந்தமிழகத்தில் நூற்றல் பெரும்பாலும் வாழ்வாதாரமாக இருந்தது. துணையற்ற பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய இழையை நற்றிணை மலைமேல் தவழும் மழைமுகிலுக்கு உவமையாக்குகிறது. புறநானூற்றின் 326ஆம் பாடல் ஓர் இரவுக் காட்சியைத் தீட்டுகிறது. காட்டுப்பூனைக்கு அஞ்சிய இளம்பேடை உயிர் நடுங்கிக் கதறுகிறது. பஞ்சின் தூசும் செற்றையும் புடைப்பதற்காக எழுந்த பெண் ஒருத்தி சிறுவிளக்கை ஏற்றியிருக்கிறாள். அவ்வொளியில் தன் சேவலைக் கண்ட பேடை அச்சம் தணிகிறது. அவள் விளக்கேற்றியது தன் தொழிலுக்காக. அதன் ஒளியோ அஞ்சிய ஓர் உயிரை ஆற்றியது. தாய் தனக்கென ஏற்றிக்கொள்ளும் சிறுவிளக்கு வீட்டின் ஒளியைக் குறைத்துவிடும் என்று அஞ்சுவோர் இக்காட்சியை எண்ணிப் பார்த்தல் நன்று.

இன்றைய தாய்க்கு நூற்றல் பிழைப்புக்குரிய வழியன்று, விருப்பம். விருப்பம் என்பதனாலேயே அது முதலில் கைவிடப்படுகிறது. எனினும் இவ்விரு கலைகளும் இடையீடுகளைப் பொறுத்துக்கொள்ளும் இயல்புடையவை. நூற்கும்போது இழை அறுந்தால் பஞ்சு வீணாவதில்லை. அறுந்த முனையின் முறுக்கைச் சிறிது தளர்த்தி, புதிய பஞ்சின் இழைகளை அதன்மேல் படியவைத்து மீண்டும் சுழற்றினால் இரண்டும் ஒன்றிவிடும். பின்னலிலோ, ஒரு வரிசையை முடித்து ஊசியைக் கீழே வைத்தால் கண்ணிகள் அவ்வூசியிலேயே காத்திருக்கும். ஒரு வாரம் கழித்து எடுத்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தக்கிளியின் முனை கூர்மையானது. நூற்க இரு கைகளும் கண்ணும் வேண்டும். ஆகையால் அது குழந்தை உறங்கும் நேரத்திற்கு உரியது. பின்னல், மருத்துவருக்காகக் காத்திருக்கும்போதும் மகனின் வகுப்பு முடியும்வரை வாயிலில் அமர்ந்திருக்கும்போதும் கைகூடும். மூத்தவனுக்கெனத் தொடங்கிய சட்டை, முடியுமுன் அவனுக்குச் சிறியதாகிவிட்டதா? இளையவளுக்கு அதை முடிக்கலாம். அல்லது பிரித்து, அதே நூலோடு சிறிது புதுநூலும் சேர்த்துப் பெரிதாகப் பின்னலாம்.

சிறிது சிறிதாகச் சேர்வதன் பயனை நூற்போர் எண்ணாலும் அறிவர். 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு பஞ்சில் எத்தனை சிட்டம் கிடைக்கிறதோ அதுவே அந்நூலின் நம்பர். 40ஆம் நம்பர் நூலாயின் ஒரு பவுண்டில் 33,600 கஜம். அதாவது முப்பது கிலோமீட்டருக்கும் மேல். அத்துணை நீளமும் விரலிடையே சாண் சாணாகவும் முழம் முழமாகவும் வந்ததே.

இதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? 1924இல் காங்கிரஸ் இயக்கம், நாட்டுப் பணியில் ஓய்வின்றி உழன்ற தலைவர்களும் நாள்தோறும் அரை மணி நேரம் நூற்க வேண்டும் என்று தீர்மானித்தது. மாதந்தோறும் 2,000 கஜம் நூல் அளித்தலே அன்று கடமையாக வகுக்கப்பட்டது. நாட்டை ஆளும் கனவில் இருந்தோர் ஒதுக்கிய அந்த அரை மணி, ஒரு வீட்டை நடத்தும் தாய்க்குக் கிடைப்பதில்லை. அவளால் தானே அதைப் படைத்துக்கொள்ள இயலாது. அவள் நேரம் முழுவதும் பிறர் கையில் இருக்கிறது. ஆதலால் அதைப் பிறரே ஈதல் வேண்டும்.

தாய்மையைப் போற்றி மேடைகளில் மலர் தூவுவது எளிது. அயர்ந்த தாய்க்கு அப்புகழுரையைவிடக் குழந்தையை ஏந்திக்கொள்ளும் இன்னொரு மடி பெரிது. கணவர் இரவு உணவுக்குப்பின் பாத்திரங்களைத் துலக்கலாம். தாத்தா பேரனைக் கோயில்வரை கைபிடித்து அழைத்துச் செல்லலாம். பாட்டி பேத்தியை மடியிலிட்டுக் கதை சொல்லலாம். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரை மணி என்று தொடங்கினாலும் போதும். அந்நேரத்தில் “நீ என்ன செய்தாய்? எவ்வளவு முடிந்தது?” என்று கணக்குக் கேளாதிருப்பதும் ஓர் ஈகையே.

தாய்மார்க்கும் ஒரு சொல். கிடைத்த அரை மணியில் உடல் உறக்கத்தைக் கேட்டால் உறங்குக. விருப்பத்தையும் ஒரு கடமையாக்கி, நூற்கவில்லையே என்று வருந்தினால் சுமை ஒன்று கூடுமேயன்றிக் குறையாது. கதிர் கோணியிருக்கும்போது பஞ்சைப் பிடித்திழுப்பதைவிட, கதிரை நேராக்குவதே நூற்பவரின் முதல் வேலை. பஞ்சு காத்திருக்கும், கண்ணிகள் ஊசியில் காத்திருக்கும்.

அன்று பையை மேல்தட்டில் வைத்த அந்தத் தாயிடம், ஒருநாள் மாலை மாமியார் தாமே அதை இறக்கிக் கொடுத்து, “குழந்தை என்னிடம் இருக்கட்டும், நீ உட்கார் அம்மா” என்று சொல்வாராயின், அவ்வீட்டில் நூல் மட்டுமா வளரும்? அருகில் அமர்ந்து நோக்கும் மகன், அம்மாவின் விரலிடையே பஞ்சு இழையாவதைக் கண்டு வியப்பான். தனக்குச் சோறூட்டும் அதே கை ஒரு கலையும் அறிந்த கை என்பதை அன்று அவன் கற்றுக்கொள்வான்.

அலமாரியின் மேல்தட்டில் அவ்வாறு ஒரு பை எந்த வீட்டில் கிடக்கிறதோ, இவ்விழா முடிந்து இல்லம் திரும்பியதும் அதை இறக்கிக் கொடுக்க ஒரு கை நீளட்டும்.