விரைவுப் படிப்பும் வாரக் கணக்கும்



நோயாளியின் படுக்கையருகே நின்று பணிபுரியும் செவிலியர் ஒருவரை உருவாக்க எத்தனை காலம் வேண்டும்? நம் நாட்டில் பி.எஸ்ஸி. நர்ஸிங் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் வகுத்திருக்கின்றனர். அமெரிக்காவிலும் நர்ஸிங் பட்டத்துக்குப் பொதுவாக நான்கு ஆண்டுகளே. ஆயினும், வேறொரு துறையில் முன்னரே பட்டம் பெற்றவர்களுக்கென்று விரைவுப் பட்டப் படிப்பு ஒன்றும் அங்கே உண்டு. பெரும்பாலும் 11 முதல் 18 மாதங்களுக்குள் அது முடிந்துவிடும். செயிண்ட் லூயிஸ் பல்கலைக் கழகம் 1971-ஆம் ஆண்டிலேயே இத்தகைய படிப்பைத் தொடங்கி, பிற கல்லூரிகளுக்கு வழிகாட்டியது.

நான்கு ஆண்டுப் பாடம் ஓராண்டில் எவ்வாறு அடங்கும் என்று நீங்கள் ஐயுறலாம். முதற்பட்டத்தின்போது கற்ற பொதுப் பாடங்களை இங்கு மீண்டும் கற்க வேண்டுவதில்லை. நீண்ட விடுமுறைகளும் இல்லை. ஆனால் மருத்துவமனையில் நோயாளிகளிடையே பெறவேண்டிய பயிற்சியை எவரும் குறைப்பதில்லை. இறுதியில் எழுதவேண்டிய உரிமத் தேர்வும், நான்காண்டு பயின்றோர் எழுதும் அதே தேர்வுதான். சுருங்குவது காலமே அன்றி, கல்வி அன்று. இதனை உணராமல் விண்ணப்பிப்போர் பின்னர் இடர்ப்படுகின்றனர்.

விண்ணப்பமும் எளிதன்று. உடற்கூற்றியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் முதலிய பாடங்களை முன்கூட்டியே தேறியிருத்தல் வேண்டும். பழைய மதிப்பெண்களையும் ஆசிரியர்களின் சான்றுரைகளையும் பார்ப்பர். இத்துறைக்கு ஏன் வர விரும்புகிறீர் என்று ஒரு கட்டுரையும் கேட்பர். ‘தொண்டு செய்ய விரும்புகிறேன்’ என்று எவரும் எழுதிவிடலாம். நோயுற்றோரை அருகிருந்து பேணியதுண்டா, அப்போது கண்டதென்ன, கையிலிருக்கும் தொழிலை விட்டு இப்போது வருவதேன் என்பவற்றிற்கு உண்மையான விடை சொல்வதே நல்ல விண்ணப்பம்.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, கணிதப் பட்டதாரி; மணமாகி அமெரிக்கா சென்று, கணக்கராகப் பணிபுரிந்து வந்தாள். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தாயான பின் இப்படிப்பில் சேர எண்ணி, ‘நேரம் போதுமா, ஐயா?’ என்று எனக்குக் கடிதம் எழுதினாள். அறிவுரைக்கு மாறாக ஒரு கணக்கை எழுதி அனுப்பினேன். வாரத்துக்கு 168 மணி. நாளொன்றுக்கு ஏழு மணி வீதம் தூக்கத்துக்கு 49 மணி. வகுப்புக்கும் மருத்துவமனைப் பயிற்சிக்கும் 40, வீட்டில் படிப்பதற்கு 30 என்று கொள்வோம். எஞ்சுவது 49 மணி. சமையல், பயணம், குழந்தை, கணவர், கடைத்தெரு, காய்ச்சல் அனைத்தும் இந்த 49-க்குள் அடங்கவேண்டும்.

கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து அக்கணக்கை நிரப்பினர். வேலையையும் வைத்துக்கொண்டு படிக்க இயலாது என்பது அப்போதே தெளிவாயிற்று. ஆதலால் ஓராண்டு பொறுத்துப் பணம் சேர்த்தாள். மாலை வகுப்புகளில் முற்பாடங்களை முடித்தாள். அதன் பின்னரே விண்ணப்பித்தாள். சமையல் கணவருடையதாயிற்று. ஞாயிறு மாலையில் புத்தகத்தைத் தொடுவதில்லை, அது குழந்தைக்குரியது. தம்பியின் திருமணத்துக்கு மட்டும் அவளால் வர இயலவில்லை. ‘குடும்பப் படத்தில் நான் இல்லை, ஐயா. அது நான் முன்பே எழுதி வைத்த செலவு’ என்று எழுதியிருந்தாள்.

நேரம் குறையும்போது, தூக்கத்திலிருந்து கடன் வாங்கலாம் என்று எவருக்கும் தோன்றும். வேறு படிப்பாயின் அதன் தீங்கு பெரும்பாலும் படிப்பவரோடு நின்றுவிடும். இங்கு நிலைமை வேறு. அரை மில்லிகிராம் மருந்தை 0.5 என்று எழுதுகிறோம். அயர்ந்த கண் அப்புள்ளியைக் காணாது விட்டால் அது 5 ஆகிவிடும். மருந்து பத்து மடங்காகிவிடும். தேர்வுத் தாளில் அப்பிழைக்கு ஒரு மதிப்பெண் போகும். மருத்துவமனையில் ஓர் உயிரே போகலாம். ஆகவே செவிலியர் மாணவியின் தூக்கம் அவளுக்கு மட்டும் உரியதன்று. அதில் நோயாளிக்கும் பங்குண்டு.

அவள் படிப்பை முடித்து, உரிமம் பெற்று, இன்று பணிபுரிகிறாள். அவளிடம் பேராற்றல் ஏதும் இருந்ததாக நான் கூறமாட்டேன். எதனை விடுவது என்பதைத் தொடங்கும் முன்னரே அவள் தீர்மானித்துக்கொண்டாள். அத்தீர்மானத்தில் வீட்டாரையும் சேர்த்துக்கொண்டாள்.

இளைஞர்களே, குறுகிய காலத்தில் முடியும் எப்படிப்பிலும் நீங்கள் சேரலாம், தவறில்லை. விண்ணப்பத் தாளில் கையெழுத்திடுமுன், வெள்ளைத்தாள் ஒன்றில் உங்கள் 168 மணிகளையும் பங்கிட்டுப் பாருங்கள். தூக்கத்தைத் தொடாமல் கணக்கு நேரானால் துணிந்து விண்ணப்பியுங்கள். நேராகாவிடில், ஓராண்டு பொறுத்திருங்கள். ஆயத்தத்திற்குச் செலவிடும் ஆண்டு வீணான ஆண்டு அன்று.