விலை இல்லை என்றால் செலவு இல்லையா?

(கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



மேல்நிலை வகுப்புகளில் நாம் மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகியவற்றை நடத்துகிறோம். இரண்டுமே காசில்லாமல் கிடைப்பவை. "அப்படின்னா ஆரக்கிளை ஏன் சார் காசு கொடுத்து வாங்குறாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கான விடையை நான் ஒரு தவறு செய்துதான் கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவனின் தந்தை, தம் மொத்த மளிகைக் கடைக்கு எந்தத் தரவுத்தள மென்பொருளை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். "வாங்கவே வேண்டாம், திறந்த மூல மென்பொருள் போதும்" என்று பெருமையாகச் சொல்லி, நானே நிறுவியும் கொடுத்தேன். எட்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு வன்தட்டு பழுதானது. காப்பு நகல் இருக்கிறதா என்றேன். "அதை எடுக்கணும்னு நீங்க சொல்லலையே சார்" என்றார். கடன் பாக்கிக் கணக்கு முழுவதும் போயிற்று. துண்டுச் சீட்டுகளைப் பார்த்து மீண்டும் எழுத இரண்டு மாதம் ஆனது. மென்பொருள் மீது குற்றமில்லை. விலை இல்லை என்பதைச் செலவே இல்லை என்பதுபோல் சொன்னது என் குற்றம்.

வணிக மென்பொருளுக்குக் கட்டணம் செலுத்துவோர், பழுது வந்தால் உதவ ஒப்பந்தப்படி கடமைப்பட்ட ஒருவரையும் சேர்த்தே பெறுகிறார்கள். ஆனால் ஆரக்கிளின் பெரிய பதிப்புக்குச் செயலியின் உள்ளகங்களை எண்ணிக் கட்டணம் விதிப்பது வழக்கம். ஆண்டு ஆதரவுக் கட்டணம் தனி. தொழில் வளர்ந்து கணினியின் திறனைக் கூட்டினால் கட்டணமும் கூடும். அதற்கே உரிய மொழியில் எழுதிய நிரல்கள் பெருகிவிட்டால், விட்டு வெளியேறுவதும் எளிதல்ல.

திறந்த மூலத்தில் அந்தப் பொறுப்பை நாமே கற்க வேண்டும், அல்லது சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். பதிலுக்குக் கிடைப்பது விடுதலை. மைஎஸ்கியூஎல் நிறுவனத்தை 2008இல் சன் நிறுவனம் வாங்கியது. 2010இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கியது. இந்தக் கைமாற்றத்துக்கு அஞ்சிய மைஎஸ்கியூஎல்லின் மூலவர் மைக்கேல் விடேனியஸ், அதே மூலநிரலிலிருந்து மரியாடிபியைத் தொடங்கினார். மூலநிரல் திறந்திருந்ததால்தான் அது முடிந்தது. 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் வழிவந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல், இன்றும் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமாகாமல் வளர்கிறது.

ஆகவே எது சிறந்தது என்று மாணவருக்கு மனப்பாடம் செய்விக்க வேண்டாம். மூன்று கேள்விகளைக் கொடுப்போம். நள்ளிரவில் பழுதானால் யாரை அழைப்பது? தரவு பத்து மடங்கானால் செலவு என்ன ஆகும்? நாளை வேறொன்றுக்கு மாற நினைத்தால் தரவை எடுத்துச் செல்ல முடியுமா? அத்துடன் ஆய்வகத்தில் ஒரு அட்டவணையை அழித்து, காப்பு நகலிலிருந்து மீட்கவும் பழக்குவோம்.

அந்தக் கடையில் இன்றும் அதே மென்பொருள்தான் ஓடுகிறது. தினமும் மாலையில் காப்பு நகல் எடுப்பவன் என் மாணவன். மாதம் ஒருமுறை அதை வேறொரு கணினியில் ஏற்றியும் பார்க்கிறான்.