காடையின் கால் வீக்கம்

(உத்தரமேரூர் வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்திற்கு ஒரு வாரியம் என்று கண்காணிப்பைப் பகுத்தளித்த ஊர் நம் உத்தரமேரூர். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதற்குச் சான்று. கொல்லையில் வளரும் காடைக்கும் நாள்தோறும் கண்காணிப்பு வேண்டும்.

1974-இல் நம் நாட்டுக்கு வந்த ஜப்பானியக் காடை, ஆறேழு வாரங்களில் முட்டையிடத் தொடங்கும். ஆனால், கால் வீங்கி நொண்டும் காடை தீனித்தட்டை நெருங்காது, இளைத்து மடியும். உடனே நாம் மருந்தைத் தேடுகிறோம். குற்றமோ பெரும்பாலும் கூண்டின் தரையில் இருக்கிறது. கம்பி முனையும் ஈர உமியும் பாதத்தைப் புண்ணாக்குகின்றன. அப்புண் வழியே கிருமி புகுந்து சீழ் கட்டுகிறது.

நொண்டும் காடையை முதலில் தனியே பிரித்து விடுங்கள். விரலில் நூலோ தலைமயிரோ சுற்றியிருந்தால் மெல்ல அறுத்தெடுங்கள். வெதுவெதுப்பான உப்புநீரில் பாதத்தைக் கழுவித் துடைத்து, பொவிடோன் அயோடின் தடவுங்கள். கட்டியைக் கீறலாகாது. இரண்டு மூன்று நாட்களில் வீக்கம் வற்றாவிடில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்காதீர்கள்.

குஞ்சுகளுக்கு வழவழப்பான செய்தித்தாளை விரித்தால் கால்கள் அகன்று முடமாகும். சாக்குத் துணி விரிப்பதே நன்று. நீர்த்தட்டில் கூழாங்கற்கள் இடுங்கள். இல்லையேல் குஞ்சுகள் மூழ்கி இறக்கும். ஒரே நாளில் பல காடைகள் மடிந்தால் மறைக்காமல் கால்நடை மருந்தகத்திற்கு அறிவிக்க வேண்டும். இதை ஊராட்சி உறுப்பினர்கள் வீடுதோறும் எடுத்துரைக்க வேண்டுகிறேன்.

மருந்துக்குச் செலவிடுமுன் கூண்டின் தரையைக் கையால் தடவிப் பாருங்கள். நம் உள்ளங்கையை உறுத்துவதைக் காடையின் பாதம் தாங்குமா?