பாட்டிலை வாங்கும் முன் மண்ணைப் பாருங்கள்

(பிசான சாகுபடிக்கு முன் தென்காசியில் நடந்த விவசாயக் குடும்பங்கள் சந்திப்பில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





அல்ஹம்துலில்லாஹ், இந்த வருடம் குற்றாலத்தில் சாரல் நன்றாக இருந்தது. சிற்றாற்றிலும் தண்ணீர் வந்தது. இப்போது பிசானத்துக்கு நாற்றுப் பாவும் நேரம். வட்டியில்லாக் கடன் கேட்டு வந்த மனுக்களில் பலவற்றில் "நானோ உரம் வாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பேசுமுன் எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ஒரு பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம்" என்று காதில் விழுந்ததைப் போன பிசானத்தில் நாங்களும் அப்படியே உங்களிடம் சொன்னோம். அதை நம்பிச் சிலர் மேலுரத்தை அடியோடு நிறுத்தினார்கள். பயிர் வெளுத்தது, தூர் கட்டவில்லை. கடன் தவணையை நீட்டித்துக் கொடுத்தோம். ஆனால் போன மகசூல் போனதுதான். விசாரிக்காமல் சொன்னது எங்கள் பிழை. இந்த முறை விசாரித்துவிட்டு வந்திருக்கிறோம்.

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர். நானோ உரத்தின் துகள்கள் பெரும்பாலும் 100 நானோமீட்டருக்குள் இருக்கும். அதனால் இலைத் துளை வழியே உள்ளே போகும் என்பது இதன் அடிப்படை. இஃப்கோ நிறுவனம் 2021இல் கொண்டுவந்த நானோ யூரியா 500 மில்லி பாட்டில். அதில் தழைச்சத்து 4 சதவீதம், அதாவது 20 கிராம் இருந்தது. 45 கிலோ யூரியா மூட்டையிலோ 20 கிலோவுக்கு மேல் இருக்கிறது. இலையில் தெளித்தால் வீணாவது குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை அது ஈடுகட்டுமா? லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல் ஆய்வில், யூரியாவைக் குறைத்து நானோ யூரியா தெளித்தபோது நெல், கோதுமை இரண்டிலும் மகசூல் குறைந்தது.

நுண்ணூட்டச்சத்தின் கதை வேறு. துத்தநாகம், போரான், தாமிரம் போன்றவை பயிருக்குக் கிராம் கணக்கில்தான் தேவை. மண்ணில் போடும் துத்தநாகத்தில் பெரும்பகுதியை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே சிறு அளவை இலை வழியே கொடுக்கும் நானோ முறைக்கு இங்கே நியாயம் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் நானோ தொழில்நுட்ப ஆய்வு நடக்கிறது.

துத்தநாகம் பற்றாவிட்டால் நட்ட இரண்டு மூன்று வாரத்தில் நெல்லின் அடி இலைகளில் துருப் புள்ளிகள் விழும். வயல் திட்டுத்திட்டாகக் குட்டையாகும். இது நம் பிள்ளைகளையும் தொடும். 1950களின் இறுதியில் ஈரானில், வளர்ச்சி குன்றிய இளைஞர்களை ஆராய்ந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், உணவில் துத்தநாகம் குறைந்தது காரணமாக இருக்கலாம் என்று கருதினார்.

ஆனால் நம் மண்ணில் குறை இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். மண்வள அட்டையில் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் உட்பட 12 விவரங்கள் கிடைக்கும். வயலில் பத்து இடங்களில் 'வி' வடிவில் அரை அடி ஆழம் வெட்டி மண் எடுங்கள். மண்வெட்டி பட்ட பக்கத்தை மரக்குச்சியால் சுரண்டி விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இரும்பின் அளவு தப்பாக வரும். எல்லா மண்ணையும் கலந்து, அரைக் கிலோ போதும்.

குறை இருந்தால், ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து நடவுக்குச் சற்று முன் தூவுவது பழகிய வழி. நானோ துத்தநாகம் தெளித்துப் பார்க்க விரும்புபவர்கள் வயலின் ஒரு பகுதியில் மட்டும் தெளித்து, மற்றப் பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லேபிளில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். மிஞ்சினால் துத்தநாகமும் பயிருக்கு நஞ்சு. தெளிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அடியுரத்தையும் மேலுரத்தையும் நிறுத்தாதீர்கள்.

யூரியா கேட்டால் பாட்டிலையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள் என்று சிலர் சொன்னீர்கள். வேண்டாததை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பில் கேட்டு வாங்குங்கள்.

கடன் பணம் ஜமாஅத்தின் அமானிதம். அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம்: மண்வள அட்டையைக் காட்டினால்தான் இனி நுண்ணூட்ட உரத்துக்குக் கடன். மண் மாதிரிகளை எங்கள் அலுவலகத்தில் கொடுங்கள். பரிசோதனை நிலையத்தில் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. போன முறை நஷ்டப்பட்ட குடும்பங்களின் மண் முதலில் போகும்.